புயலுக்குப் பின் தீவுக்கு வரும் அரசு உதவி: சொற்போர் மேடைக்கு ஆயத்தமாவது எப்படி

"சூறாவளியால் சிதைந்த தீவுக்கு மத்திய அரசு அளித்த உதவி போதுமானதே" என்பது போன்ற தலைப்பு, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ்ச் சொற்போருக்குப் பயிலும் மாணவர்களிடம் தரப்பட்டால், பெரும்பாலான அணிகள் ஒரே தடத்தில்தான் இறங்குகின்றன. ஒட்டிப் பேசுவோர் அரசு அறிவித்த தொகைகளை அடுக்குகிறார்கள். வெட்டிப் பேசுவோர் கூரை பறந்த வீடுகளையும் இருளில் மூழ்கிய மருத்துவமனைகளையும் வருணிக்கிறார்கள். இரண்டு பேச்சும் கடைசிவரை ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. நீதிபதிகள் வேறு வழியின்றி, குரல் வளத்துக்கும் உச்சரிப்புக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

இந்தத் தலைப்பு அதைவிட நல்ல சொற்போருக்குத் தகுதியானது. அறிவித்த பணம் எந்தெந்தக் கைகளைக் கடந்தது, எவ்வளவு காலம் எடுத்தது, என்ன நிபந்தனையோடு வீடிழந்தவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பேசத் தெரிந்த அணியே இதில் மேலோங்கும். அதைப் பழகுவதற்கு, கரீபியக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவான, 2017ஆம் ஆண்டு மரியா சூறாவளி தாக்கிய புவேர்ட்டோ ரிக்கோவை எடுத்துக்காட்டாகக் கொள்ளும்படி நான் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். அதைப் பற்றிய ஆவணங்கள் ஏராளம்; இரு தரப்புக்கும் அதில் வலுவான சரக்கு உண்டு.

முதலில் "அரசு" யார் என்று வரையறுங்கள்

பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு பயிற்சியில், முதல் பேச்சாளராக எழுந்த மாணவி "அரசாங்கம் கைவிட்டது" என்று மூன்று முறை சொன்னார். எதிரணியில் இருந்த பையன் இடைமறித்து, "தோழியே, எந்த அரசாங்கம்?" என்று மட்டும் கேட்டான். அவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். அதற்கான விடை எந்தப் பக்கத்திலும் இல்லை. மீதமிருந்த நேரம் முழுவதும் அவர் பேச்சில் அந்தக் கேள்வியே உட்கார்ந்துகொண்டது.

புவேர்ட்டோ ரிக்கோவைப் பொறுத்தவரை குறைந்தது நான்கு அதிகார அடுக்குகளை நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டனில் உள்ள மத்திய அரசும், அதன் பேரிடர் முகமையான ஃபீமாவும் ஒன்று. ஆளுநரின் தலைமையில் இயங்கும் தீவின் அரசு இன்னொன்று. தீவின் மின்வாரியம் அதற்குச் சொந்தமானது. மூன்றாவது, சான் ஹுவான் போன்ற நகராட்சிகளும் அவற்றின் மேயர்களும். நான்காவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: 70 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடனில் தீவு தத்தளித்ததால், அமெரிக்க நாடாளுமன்றம் 2016இல் ஒரு சட்டம் இயற்றி, தீவின் வரவு செலவைக் கண்காணிக்க ஒரு நிதி மேற்பார்வை வாரியத்தை அமர்த்தியது. சூறாவளி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2017 மே மாதத்தில், தீவு அச்சட்டத்தின்கீழ் திவால் நடவடிக்கையில் இறங்கியிருந்தது. கருவூலத்தில் கைக்காசு இல்லாத நிலையில்தான் அத்தீவு புயலை எதிர்கொண்டது.

இன்னொரு செய்தியை இரு அணிகளும் மனத்தில் இருத்த வேண்டும். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. நாடாளுமன்றத்தின் கீழவையில் அவர்கள் சார்பில் அமரும் பிரதிநிதி, சட்டங்கள் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. ஆகவே "அமெரிக்கா பெரிய மனது வைத்து ஒரு தீவுக்கு உதவியது" என்று ஒட்டிப் பேசும் அணி தொடங்கினால், அப்போதே பாதி ஆட்டம் கைநழுவிவிடும். வேற்று நாட்டுக்குத் தரும் கொடைக்கும், தன் குடிமகனுக்குச் செய்ய வேண்டிய கடமைக்கும் அளவுகோல் வேறு. வெட்டிப் பேசும் அணி இதை முதல் நிமிடத்திலேயே எடுத்து வைக்கலாம். ஒட்டிப் பேசும் அணி அதை முந்திக்கொண்டு ஏற்றுக்கொள்வது இன்னும் நல்லது.

காலவரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

இது சலிப்பான வேலைதான். ஆனாலும் செய்தே ஆக வேண்டும். 2017 ஆகஸ்டு இறுதியில் ஹார்வி சூறாவளி டெக்சஸைத் தாக்கியது. செப்டம்பர் 6ஆம் நாள் இர்மா புவேர்ட்டோ ரிக்கோவை உரசிச் சென்று, பின்னர் புளோரிடாவைத் தாக்கியது. செப்டம்பர் 20ஆம் நாள் காலையில் மரியா, நான்காம் நிலைச் சூறாவளியாக, மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகக் காற்றோடு யாபுகோவா அருகே கரையேறித் தீவைக் குறுக்கே கடந்தது. 3 மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தீவு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ பதினொரு மாதங்கள் ஆயின. சேத மதிப்பு சுமார் 90 பில்லியன் டாலர் என்று அமெரிக்க வானிலைத் துறையினர் கணித்தார்கள்.

பணத்தின் மூன்று நிலைகள்

பேரிடர் உதவிக்கு மூன்று நிலைகள் உண்டு: அறிவித்தது, ஒதுக்கி விடுவித்தது, கைக்குச் சேர்ந்தது. இம்மூன்றும் ஒரே தொகையாக இருப்பது அரிது; ஒரே காலத்தில் நடப்பது அதனினும் அரிது. எதிரணி ஒரு தொகையைச் சொன்னவுடன் அது எந்த நிலைக்குரியது என்று கேட்கும் பழக்கத்தை உங்கள் அணியில் ஒருவராவது வளர்த்துக்கொள்ள வேண்டும்.

புவேர்ட்டோ ரிக்கோவில் இதற்குத் தெளிவான சான்று, அமெரிக்க வீட்டுவசதி, நகர மேம்பாட்டு அமைச்சின் வழியாக வர வேண்டிய மறுகட்டுமானப் பணம். ஏறத்தாழ 20 பில்லியன் டாலர் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஒட்டிப் பேசுவோர் இந்தத் தொகையைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். ஆயினும் அதில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடுகளிலும் மறு ஆய்வுகளிலும் சிக்கிக் கிடந்தது. அமைச்சின் சொந்தத் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், வாஷிங்டனில் புகுத்தப்பட்ட நிர்வாகத் தடைகள் தாமதத்துக்குக் காரணமாயின என்று பதிவு செய்தது. ஒட்டிப் பேசும் அணிக்கு இங்கே ஒரு மறுமொழி உண்டு: கடன் மிகுந்த நிர்வாகத்திடம் இவ்வளவு பணத்தைக் கணக்கு வழக்கின்றிக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வியும் நியாயமானதே. கண்காணிப்புக்கும் வேகத்துக்கும் இடையிலான இந்த இழுபறியில்தான் நல்ல சொற்போர் பிறக்கிறது.

மூன்றாம் நிலையான கைக்குச் சேர்வதில் இன்னும் ஆழமான செய்தி இருக்கிறது. ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் ஃபீமாவிடம் தனிநபர் உதவிக்கு விண்ணப்பித்தார்கள். வீட்டைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டுமானால் வீடு விண்ணப்பதாரருடையது என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோவிலோ, பாட்டனார் கட்டிய வீட்டில் பத்திரம் மாற்றாமலேயே மூன்று தலைமுறை வாழ்வதும், பெற்றோரின் நிலத்தில் மகன் ஒரு வீடு எழுப்பிக்கொள்வதும் வெகு சாதாரணம். சொத்துரிமையைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் தீவின் சட்டத்தில் இல்லை. மலைப்பகுதியில் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கூரை போய்விட்டது, நீல நிறத் தார்ப்பாயின்கீழ் படுக்கிறார், வீடு அவருடையது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் மனையின் பத்திரம் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது நிராகரிப்புக் கடிதம். பல்லாயிரக்கணக்கான விண்ணப்பங்கள் இத்தகைய காரணத்தால் தள்ளப்பட்டன. சட்ட உதவி அமைப்புகள் தொடர்ந்து போராடிய பிறகு உறுதிமொழிப் படிவம் ஏற்கப்பட்டது. 2021 செப்டம்பரில் ஃபீமா தன் ஆவண விதிகளை நாடு முழுவதும் தளர்த்தியது.

இந்த ஒரு சான்றுக்கு வெட்டிப் பேசும் அணியின் இரண்டாம் பேச்சாளர் இரண்டு நிமிடம் ஒதுக்கினாலும் தகும். கருவூலத்தில் பணம் இருந்தது, விதியும் இருந்தது, எந்த அதிகாரியும் தீய எண்ணத்தோடு நடந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உதவி சேரவில்லை. நம் ஊரில் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீட்டு கிராண்டைப் பெயர் மாற்ற முடியாமல் நில இலாகாவுக்கு நடக்கும் குடும்பம் ஒன்றாவது அரங்கில் இருக்கும். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒட்டிப் பேசும் அணிக்கு

உங்கள் தரப்பு பலவீனமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. "உதவி குறையற்றது" என்று நிறுவ முயன்றால்தான் தோற்பீர்கள். "அந்தச் சூழலில் ஒரு மத்திய அரசிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கது நடந்தது" என்ற நிலைப்பாட்டை எடுங்கள்; அதற்குச் சான்றுகள் உண்டு.

தீவு புளோரிடாவிலிருந்து 1,600 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கு அப்பால் இருக்கிறது. டெக்சஸுக்கு லாரிகளில் போன பொருள், இங்கே கப்பலிலும் விமானத்திலும்தான் போக முடியும். ஒரு மாதத்துக்குள் மூன்று பெரும் சூறாவளிகள் வந்ததால் ஃபீமாவின் ஆட்கள் ஏற்கெனவே டெக்சஸிலும் புளோரிடாவிலும் சிதறியிருந்தார்கள். தீவிலிருந்த கிடங்கின் பெரும்பகுதி இர்மாவுக்காக முன்பே காலியாகியிருந்தது. சான் ஹுவான் துறைமுகத்தில் பொருள் நிறைந்த கொள்கலன்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தபோதும், சாலைகள் அடைபட்டு, ஓட்டுநர்களை அழைக்கத் தொலைபேசியும் இல்லாததால் அவை நகரவில்லை. மின்கட்டமைப்பு பல ஆண்டுப் பராமரிப்பின்மையால் புயலுக்கு முன்பே நலிந்திருந்தது. அந்தப் பொறுப்பு தீவின் மின்வாரியத்துடையது. வழக்கமாக ஃபீமா சேதமடைந்ததைப் பழைய நிலைக்குத்தான் மீட்டுத்தரும். 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டப் பிரிவின் மூலம், புவேர்ட்டோ ரிக்கோவின் மின்சாரம் போன்ற இன்றியமையாத சேவைகளை இன்றைய தரத்துக்கு உயர்த்திக் கட்ட வழிவிட்டது. இந்தக் கடைசிக் குறிப்பை எடுத்துவரும் அணிகள் மிகக் குறைவு. எதிரணிக்குப் பெரும்பாலும் இதற்கு ஆயத்தமான பதில் இருக்காது.

வெட்டிப் பேசும் அணிக்கு

உங்கள் கையில் உள்ள மிகக் கூர்மையான கருவி ஒப்பீடு. அதே ஆண்டு, அதே முகமை, அதே சட்டம், மூன்று சூறாவளிகள்: ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நிலை அமைவது கடினம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாக்குதலுக்குப் பிந்தைய முதல் ஒன்பது நாள்களில் ஹார்வி, இர்மா ஆகிய இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 100 மில்லியன் டாலர் தனிநபர் உதவி சென்றதாகவும், மரியாவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 6 மில்லியனுக்குச் சற்று மேல் மட்டுமே சென்றதாகவும் காட்டியது. கப்பல் போக்குவரத்து விலக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அமெரிக்கக் கப்பல்களே சரக்கேற்ற வேண்டும் என்ற 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, ஹார்வி, இர்மாவை முன்னிட்டு செப்டம்பர் தொடக்கத்திலேயே விலக்கு தரப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு மரியா தாக்கி எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 28இல், பத்து நாளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

அடுத்து ஒப்பந்தங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கால் வையுங்கள். மின்கம்பிகளைச் சீரமைக்க 300 மில்லியன் டாலர் ஒப்பந்தம், புயலின்போது இரண்டே முழுநேர ஊழியர்களைக் கொண்டிருந்த வைட்ஃபிஷ் என்ற மொன்டானா நிறுவனத்துக்குப் போனது பெரும் சர்ச்சையாகி ரத்தானது. பல பேச்சாளர்கள் இதை மத்திய அரசின் தவறாக அடித்துப் பேசுகிறார்கள். ஒப்பந்தத்தைக் கொடுத்தது தீவின் மின்வாரியம். விவரமறிந்த எதிரணி அதைச் சுட்டிக்காட்டினால் உங்கள் நம்பகத்தன்மை மொத்தமும் சரியும். மத்திய அரசின் குறையைக் காட்ட வேண்டுமானால் உணவுப் பொட்டல ஒப்பந்தத்தை எடுங்கள்: 30 மில்லியன் பொட்டலங்களுக்காக 156 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை ஃபீமா அட்லாண்டாவில் ஒரே ஒருவர் நடத்திய நிறுவனத்துக்குக் கொடுத்தது, 50,000 பொட்டலங்கள் வந்த நிலையில் ஒப்பந்தம் ரத்தானது. அதேபோல 2020 ஜனவரியில் போன்சே நகரக் கிடங்கொன்றில் வழங்கப்படாத தண்ணீரும் பொருள்களும் கண்டுபிடிக்கப்பட்டபோது பதவி இழந்தவர் தீவு அரசின் அவசரகால மேலாண்மைத் தலைவர். அந்தச் சான்று ஒட்டிப் பேசும் அணிக்கே உரியது.

அமெரிக்க அதிபர் அக்டோபர் 3ஆம் நாள் தீவுக்கு வந்து காகிதத் துவாலைச் சுருள்களைக் கூட்டத்தினரிடம் வீசிய காட்சியைப் பேசாமல் விடுவது பேச்சாளர்களுக்குக் கடினம் என்று தெரியும். ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அரங்கம் சிரிக்கும், நீதிபதி எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவார்.

இறந்தோர் எண்ணிக்கையைக் கையாளும் முறை

இத்தலைப்பில் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுபவை உயிரிழப்பு எண்கள். மேடையில் மூன்று எண்கள் உலவும்: 64, 2,975, 4,645. மூன்றும் வெவ்வேறு முறையில் பெறப்பட்டவை என்பதை அறியாமல் பெரியதை எடுத்து முழங்குவது ஆபத்து.

64 என்பது இறப்புச் சான்றிதழ்களின் அடிப்படையில் தீவின் அரசு நீண்ட காலம் வைத்திருந்த அதிகாரப்பூர்வ எண். பறந்து வந்த தகரம் தாக்கி இறந்தவர் அதில் இருப்பார். மின்சாரம் இல்லாமல் சிறுநீரகச் சுத்திகரிப்பு தடைப்பட்டு மூன்று வாரம் கழித்து இறந்தவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். 4,645 என்பது ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வீடு வீடாக எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து 2018 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு. அதன் நம்பக எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு, 793 முதல் 8,498 வரை விரிகிறது. இந்த எல்லையைச் சொல்லாமல் நடு எண்ணை மட்டும் சொல்வது முறையன்று. 2,975 என்பது, தீவின் அரசே கேட்டுக்கொண்டதன் பேரில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த இறப்புகளைக் கணக்கிட்டுத் தந்த மதிப்பீடு. 2018 ஆகஸ்டில் தீவின் அரசு இதையே அதிகாரப்பூர்வ எண்ணாக ஏற்றது.

என் பரிந்துரை: எந்த அணியானாலும் 2,975ஐயே பயன்படுத்துங்கள், எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு வெட்டிப் பேசும் அணி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: காற்று ஓய்ந்த பிறகு நிகழ்ந்த இறப்புகளில் எத்தனை, உதவி விரைந்து வந்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கும்? துல்லியமான விடை யாரிடமும் இருக்காது. ஆயினும் புயலின் கணக்கையும் தாமதத்தின் கணக்கையும் ஒன்றாகப் போட முடியாது என்பதை அக்கேள்வி நீதிபதிக்குப் புரிய வைத்துவிடும்.

பினாங்கை எப்போது இழுக்க வேண்டும்

மரியாவுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து, 2017 நவம்பர் 4, 5 தேதிகளில், பினாங்கு தன் வரலாற்றில் மிக மோசமான வெள்ளங்களில் ஒன்றைக் கண்டது. ஏழு பேர் இறந்தார்கள். கூட்டரசில் எதிர்க்கட்சியாக இருந்த கட்சியைச் சேர்ந்த முதலமைச்சர், நள்ளிரவு கடந்த வேளையில் துணைப் பிரதமரை அழைத்து இராணுவ உதவி கேட்டார், உதவி வந்தது. மாநிலத்தை ஆளும் கட்சியும் மத்தியில் ஆளும் கட்சியும் வேறுபட்டாலும் மீட்புப் பணி நடக்க முடியும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டலாம். அதே வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்கான ஒதுக்கீடு பற்றி மாநிலமும் மத்தியும் நடத்திய வாதத்தை எதிரணி எடுத்துக்காட்டவும் கூடும்.

அளவை மட்டும் மறக்க வேண்டாம். புவேர்ட்டோ ரிக்கோ பினாங்குத் தீவைப் போல் ஏறத்தாழ முப்பது மடங்கு பெரியது. நமக்கு 1985 முதல் ஒரு பாலமும் 2014 முதல் இரண்டாவது பாலமும் இருக்கின்றன; பிறையிலிருந்து அரிசி மூட்டையோடு புறப்படும் லாரி அரை மணி நேரத்தில் ஜெலுத்தோங்கில் நிற்கும். பாலம் இல்லாத தீவின் துயரத்தைப் பாலம் உள்ள தீவின் அனுபவத்தால் அளப்பவரை எதிரணி எளிதாக மடக்கிவிடும். ஆகவே பினாங்கை ஒப்பீடாக வைக்காமல், கேள்வியாக வையுங்கள்: பாலங்கள் இரண்டும் மூடப்பட்டால், மின்சாரமும் ஒரு மாதம் இல்லையென்றால், புத்ராஜெயாவில் உள்ள மத்திய அரசிடம் நாம் எதை, எத்தனை நாளில் எதிர்பார்ப்போம்? 2015இல் அமைக்கப்பட்ட தேசியப் பேரிடர் மேலாண்மை முகமையான நட்மாவின் பொறுப்பு எங்கே தொடங்கி, மாநிலத்தின் பொறுப்பு எங்கே முடிகிறது? துயர் துடைப்பு மையத்தில் பதிந்துகொள்ளாமல் உறவினர் வீட்டில் தங்கியவர்கள் பட்டியலில் எப்படி இடம்பெறுவார்கள்? வெள்ளத்தில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் அரங்கில் இருக்கக்கூடும் என்பதால், இந்தப் பகுதியில் குரலை உயர்த்தாமல் பேசுவது நலம்.

அட்டையும் நேரமும்

ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்து எண்களுக்கு மேல் எடுத்துச் செல்ல வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் தனி அட்டையில் எழுதி, அதன்கீழ் யார் கணக்கிட்டது, எந்தக் காலத்துக்கு, பணமென்றால் எந்த நிலை என்று மூன்று குறிப்புகளை எழுதுங்கள். அந்த மூன்றையும் நிரப்ப முடியாத அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாம். முதல் பேச்சாளர் வரையறைக்கும் அளவுகோலுக்கும் நேரத்தைச் செலவிடட்டும். "போதுமானது" என்றால் வேகத்திலா, தொகையிலா, சமத்துவத்திலா என்பதை அவர் சொல்லாவிட்டால் எதிரணி தனக்கு வசதியானதைச் சொல்லிவிடும். இரண்டாம் பேச்சாளர் சான்றுகளை ஏந்துபவர். மூன்றாம் பேச்சாளர் புதிய எண் எதையும் கொண்டுவரக் கூடாது. எதிரணி சொன்ன தொகைகள் எந்தெந்த நிலைக்குரியவை என்று வகைப்படுத்திக் காட்டுவதே அவர் வேலை, அதற்கு அவர் முதல் இரண்டு பேச்சின்போதும் தலை நிமிராமல் குறிப்பெடுத்திருக்க வேண்டும்.

போட்டிக்கு முந்தைய பயிற்சியில் அணிகளை இடம் மாற்றிப் பேசவிடுங்கள். ஃபீமாவின் கிடங்கு காலியானதை வெட்டிப் பேசும் மாணவரும், பத்திரமில்லாத மூதாட்டியின் நிலையை ஒட்டிப் பேசும் மாணவரும் தங்கள் வாயால் வாதாடிப் பார்த்துவிட்டால், மேடையில் அவை எதிரிலிருந்து வரும்போது பதறமாட்டார்கள்.